உப்பைத்தான் குறைக்கச் சொன்னார்கள்

தம்பி,

தைக்கக் கொடுத்த சட்டையை வாங்கக் கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறியிருக்கிறாய். நீ திரும்பி வர எப்படியும் மத்தியானம் ஆகும். அதற்குள் இதை எழுதி முடித்து உன் பெட்டியில் வைத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு வாய் ஜாஸ்தி என்று இந்த ஊரே சொல்லும், நீயும் சொல்லுவாய். சண்டை என்றால் நாலு தெருவுக்குக் கேட்கப் பேசுவேன். ஆனால் இந்த ஒரு விஷயத்தை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல, இருபது வருஷத்துக்கும் மேலாக எனக்கு நாக்கு எழவில்லை.

நேற்று உனக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் சொந்தக்காரர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். திங்கட்கிழமை கல்வராயன் மலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாகச் சேரப் போகிற பிள்ளை என்று ஆளாளுக்கு உன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். உன் சித்தப்பா, "சின்ன வயசுல நீ பொழைப்பன்னே எங்களுக்கு நம்பிக்கை இல்லடா" என்றார். நீ சிரித்துக்கொண்டே, "எங்கம்மா கையால போட்ட சோறுதான் சித்தப்பா என்னக் காப்பாத்துச்சு" என்றாய். கையில் இருந்த சாம்பார் வாளியை அப்படியே கீழே வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டேன். அடுப்புப் புகை கண்ணில் பட்டுவிட்டது என்று நீங்கள் நினைத்துக்கொண்டீர்கள். தம்பி, என் கையால் போட்ட சோறு உன்னைக் காப்பாற்றவில்லை. உன்னைக் கொல்லப் பார்த்தது அதுதான். அதை நீ வேலையில் சேருவதற்கு முன்னால் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

உனக்கு அப்போது நாலு வயது. நைனார்பாளையத்துப் பக்கம் பால்வாடியில் நான் டீச்சர். உன் அப்பா கூலிக்குக் கரும்புக் காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மாதம் ஒரு தடவை பிள்ளைகளுக்கு எடை பார்ப்போம். தராசுக் கொக்கியில் டவுசர் மாதிரி ஒரு பையை மாட்டி, அதில் பிள்ளையைத் தொங்கவிட்டு, வருகிற எடைக்கு அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுக்க வேண்டும். நீ பிறந்ததிலிருந்தே நோஞ்சான். உன் கோடு எப்போதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கீழேதான் ஓடும். டீச்சர் பிள்ளையே இப்படி என்று எனக்கு மானம் போகும். அப்படியிருக்க, ஒரு மாதம் உன் புள்ளி திடீரென்று எகிறியது. கன்னம் உப்பி, கை கால் எல்லாம் கொழுகொழுவென்று ஆகிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கண் பட்டுவிடப் போகிறதே என்று கன்னத்தில் பெரிய மைப்பொட்டு வைத்தேன். பால்வாடிக்கு வருகிற அம்மாக்களையெல்லாம் நிற்க வைத்து, "சத்துமாவ ஒழுங்கா குடுத்தா இப்படித்தான் ஏறும், எம்புள்ளையப் பாத்துக் கத்துக்கங்க" என்று பீற்றிக்கொண்டேன்.

எனக்கு உதவிக்கு இருந்த அஞ்சலைதான் முதலில் சொன்னாள். "டீச்சரு, காலையில புள்ளைக்குக் கண்ணு தொறக்கவே முடியல பாருங்க. மூஞ்சி வீங்கினு இருக்குது. எனக்கு இது சதையாத் தெரியல." நான் சீறி விழுந்தேன். "உனக்கு இன்னா தெரியும்? எடை நான் பாக்குறனா, நீ பாக்குறியா?" அவள் அரிசி புடைக்கப் போய்விட்டாள். நாலு நாள் கழித்து உன்னைக் குளிப்பாட்டும்போது பார்த்தேன். டவுசர் நாடா இறுக்கிய இடத்தில் இடுப்பைச் சுற்றிப் பள்ளம் விழுந்திருந்தது. தண்ணீர் ஊற்றி முடித்துத் துடைத்து வேறு டவுசர் போடும் வரைக்கும் அந்தப் பள்ளம் மேலே வரவே இல்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு ஓடினேன்.

அங்கே டாக்டர் உன் முழங்காலுக்குக் கீழே கட்டை விரலை வைத்து அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது. "இது சதை இல்லம்மா, தண்ணி" என்றார். அட கடவுளே! நான் அட்டையில் புள்ளி வைத்தது தண்ணீருக்கு. ஊரைக் கூட்டிப் பெருமையடித்தது தண்ணீருக்கு. சேலத்துக்கு அனுப்பினார்கள். சின்னசேலத்தில் ரயிலேறிப் போனோம். பெரியாஸ்பத்திரியில் சோதித்துவிட்டு, சிறுநீரகத்தில் கோளாறு, உடம்பில் தங்க வேண்டிய புரதச் சத்தெல்லாம் சிறுநீரில் போகிறது, இது போகும், திரும்பி வரும், பல வருஷம் இழுக்கும், மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது என்று சொன்னார்கள். கூடவே, "உப்பைக் குறைச்சிடுங்க. அப்பளம், ஊறுகாய், கருவாடு வேண்டாம்" என்றார்கள். சாப்பாட்டைப் பற்றி அவர்கள் வேண்டாம் என்று சொன்னது அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல்கூட இல்லை.

மீதியை நானே சேர்த்துக்கொண்டேன். நம் பக்கத்தில் மஞ்சள் காமாலை வந்தால் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியும். உப்பில்லாப் பத்தியம் இருப்பார்கள். உப்பு நின்றால் கூடவே எண்ணெய், பருப்பு, முட்டை, கறி எல்லாம் நிற்கும். குழைந்த சோறும் மோரும்தான். எனக்கே பதினைந்து வயதில் காமாலை வந்து அப்படி இருந்திருக்கிறேன். ஆகவே டாக்டர் உப்பைக் குறை என்றதும் என் தலைக்குள் அந்தப் பழைய பத்தியம் மொத்தமாக வந்து உட்கார்ந்துகொண்டது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, நான் யாரையும் கேட்கவும் இல்லை. ஊர்ப் பிள்ளைகளுக்குப் பருப்பு போடுங்கள், முட்டை கொடுங்கள் என்று தினமும் தொண்டை கிழியக் கத்துகிறவள், என் பிள்ளைக்குச் சோற்றைக் கரைத்து, மோரைத் தெளித்துக் கொடுத்தேன். டீச்சராம் டீச்சர்!

அதையும் எப்படிச் செய்தேன் தெரியுமா? ஒரு நாள் தவறாமல், பிசகாமல் செய்தேன். பால்வாடியில் மற்ற பிள்ளைகளோடுதான் நீயும் உட்காருவாய். அவர்கள் தட்டில் சாம்பார் சாதம் விழும், முட்டை நாளென்றால் ஆளுக்கொரு முட்டை விழும். உன் தட்டை மட்டும் நான் தனியாக எடுத்துப் போய், வீட்டிலிருந்து கொண்டுவந்த கஞ்சியை ஊற்றுவேன். அந்த மாத்திரை வேறு அகோரப் பசியைக் கிளப்பும். இது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. "ம்மா, எனக்கு?" என்று கேட்பாய். முதலில் அழுது கேட்டாய், அப்புறம் கெஞ்சிக் கேட்டாய், அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டு மற்றவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அஞ்சலைக்குத் தாங்கவில்லை. "டீச்சரு, புள்ள ஏங்கிப் போவுது. ஒரு வாய் பருப்பு குடுத்தா இன்னா ஆயிடும்?" என்பாள். "ஆஸ்பத்திரியில சொல்லிக்கிறாங்க, நீ உன் வேலையப் பாரு" என்பேன். ஆஸ்பத்திரி மேல் பழியைப் போட்டு எவ்வளவு துணிச்சலாகப் பொய் சொல்லியிருக்கிறேன்! அப்போது அது பொய் என்றே எனக்குத் தெரியவில்லை.

மாத்திரை வேலை செய்தது. வீக்கம் வடிந்தது. ஒரு வாரத்தில் மூத்திரமாகப் போய்விட்டது. ஒரு காலையில் சட்டையைக் கழற்றி உன்னை நிறுத்திப் பார்த்தேன். விலா எலும்பு ஒவ்வொன்றாக எண்ணலாம். தொடை என் மணிக்கட்டு அளவுக்குத்தான் இருந்தது. பின்பக்கம் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. அத்தனை நாளும் தண்ணீர் மூடி வைத்திருந்தது இதைத்தான். உன் அப்பா பார்த்துவிட்டு, "இன்னாடி இது, புள்ள எங்கடி?" என்றார். அந்தக் கேள்வி இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அப்போதாவது எனக்குப் புத்தி வந்ததா? நோய் முற்றுகிறது, பத்தியம் போதவில்லை என்று நினைத்து மோரையும் நிறுத்தினேன்.

அந்த நாட்களில்தான் அலமேலு வந்தாள். மலை மேலிருந்து கரும்பு வெட்ட வந்த கூட்டத்தில் ஒருத்தி. காட்டிலேயே கொட்டகை போட்டுத் தங்கியிருந்தார்கள். அவள் மகள் மல்லிகாவுக்கு ஐந்து வயது இருக்கும். அதே முகம், அதே உப்பிய கண். கட்டை விரலை வைத்துப் பார்த்தேன், அதே குழி. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! கள்ளக்குறிச்சிக்குப் போகச் சொன்னேன். போய் வந்தார்கள். உன் மாத்திரையே அவளுக்கும் எழுதியிருந்தார்கள். "டீச்சரம்மா, சாப்பாடு இன்னா குடுக்குறது?" என்று அலமேலு கேட்டாள். உப்பு, எண்ணெய், பருப்பு, முட்டை எதையும் கண்ணில் காட்டாதே என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். சரியாகச் சொன்னாள். வெட்டு முடிந்ததும் அவர்கள் மலைக்குத் திரும்பிவிட்டார்கள்.

அதற்கு அடுத்த வாரம் நடந்ததைக் கேள். முட்டை நாள். நான் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பிள்ளையின் தட்டிலிருந்து நீ முட்டையை எடுத்து முழுசாக வாயில் போட்டுவிட்டாய். அந்தப் பிள்ளை அழ, நான் திரும்பிப் பார்த்தேன். ஓடி வந்து உன் கன்னத்தில் அறைந்தேன். தாடையைப் பிடித்து அமுக்கி, வாய்க்குள் விரலை விட்டு அந்த முட்டையைத் தோண்டி எடுத்தேன். எடுத்ததை வெளியே வீசினேன். நீ கத்தவில்லை தம்பி. உதட்டில் ஒட்டியிருந்த மஞ்சள் கருவை நாக்கால் நக்கிக்கொண்டாய். அஞ்சலை தலையில் அடித்துக்கொண்டு, "நீயெல்லாம் ஒரு தாயா?" என்றாள்.

மூன்றாம் நாள் உனக்குக் காய்ச்சல் கண்டது. எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. மறுபடி சேலம். அங்கே ஒரு டாக்டரம்மா உன் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்னம்மா சாப்பிடக் குடுக்குறீங்க?" நான் பெருமையாகவே சொன்னேன், கஞ்சியும் சோறும்தான், வேறு எதையும் தொடவிடவில்லை என்று. அவர், "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்றார். "பால்வாடி டீச்சரு" என்றேன். கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அப்புறம் என்னை உள்ளே கூப்பிட்டு, ஒரு கண்ணாடிக் குழாயில் உன் சிறுநீரைப் பிடித்து விளக்கில் காட்டிச் சூடாக்கினார். தெளிவாக இருந்தது கலங்கியது, கலங்கியது திரண்டது. குழாய்க்குள் வெள்ளையாகக் கட்டி கட்டியாக நின்றது. "இது என்னன்னு தெரியுதா? முட்டையை வேக வெச்சா வெள்ளைக் கரு இப்படித்தானே ஆகும்? அதே சத்துதாம்மா இது. காய்ச்சல்ல நோய் திரும்பி, உங்க பிள்ளை உடம்புலேர்ந்து தினமும் ஒழுகிக்கிட்டு இருக்கு. ஒழுகுற குடத்துல தண்ணி ஊத்துறதையும் நிறுத்திட்டீங்களே" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "உப்பைத்தானம்மா குறைக்கச் சொன்னோம்" என்று மட்டும் சொன்னார். நான் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் விரல், உன் வாய், நான் வீசிய முட்டை எல்லாம் அந்தக் குழாய்க்குள் தெரிந்தன. எப்படி வார்டுக்குத் திரும்பினேன் என்று எனக்கு நினைவில்லை.

உனக்குச் சோறு போட்டுக் காப்பாற்றியவர்கள் அந்த வார்டு நர்ஸுகள்தான். பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாகக் கொடுக்கக் கூடாது என்று, பாலில் சர்க்கரையும் துளி எண்ணெயும் கலந்து, ரெண்டு மணிக்கொரு தரம் கரண்டி கரண்டியாகக் கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டு, நீயே கை நீட்டிக் கேட்க ஆரம்பித்த பிறகுதான் பருப்பு, முட்டை, வறுத்த கடலை. எல்லாமே உப்புக் கம்மியாக, ஆனால் வயிறு நிறைய. முதல் முட்டையை ஒரு நர்ஸம்மா உனக்கு ஊட்டியபோது நீ அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாய். நான் பிடுங்கிவிடுவேனோ என்று. நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன், நீ பயப்படாமல் தின்ன வேண்டும் என்று. இப்போது உனக்கு அது ஞாபகம் இல்லை. இல்லாமல் இருப்பது என் அதிர்ஷ்டமா, இல்லை இன்னொரு தண்டனையா, தெரியவில்லை.

ஒரு நாள் நம் கட்டிலுக்கு எதிரே ஒரு சின்னப் பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். உப்பிய கண். அப்போதுதான் எனக்கு அலமேலு ஞாபகம் வந்தது. ஐயோ, அவளிடம் எண்ணி எண்ணிச் சொல்லி அனுப்பினேனே! உடனே போயிருக்க வேண்டும். போகவில்லை தம்பி. நீ படுத்திருந்தாய் என்பது உண்மை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் போகவில்லையே. மழை என்றேன், லீவு இல்லை என்றேன், அவள் எந்த ஊர் என்று சரியாகத் தெரியாது என்றேன். கேட்டால் யாராவது சொல்லியிருப்பார்கள். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு கூலிக்காரியிடம் போய்ச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதுதான் நிஜம். ரெண்டு மாதம் அப்படியே ஓட்டினேன்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பையில் சத்துமாவும் முட்டையும் எடுத்துக்கொண்டு கச்சிராயபாளையம் வழியாக மலைக்குப் பஸ் ஏறினேன். வளைவுக்கு வளைவு மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். இறங்கி விசாரித்து ஒரு மணி நேரம் நடந்தேன். அலமேலு வாசலில் சாமை குத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உலக்கையைச் சாத்திவிட்டு ஓடி வந்து என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "டீச்சரம்மா, கேள்விப்பட்டு இம்மாந்தூரம் வந்தீங்களா?" என்று அழுதாள். மல்லிகா போய் இருபது நாள் ஆகியிருந்தது.

நான் நின்ற இடத்தில் நின்றேன். அவள் அழுதுகொண்டே சொன்னாள், "நீங்க சொன்னதுல ஒண்ணுகூட மீறலங்க. கோழி மூணு முட்ட போட்டுக்கினு இருந்துச்சி, புள்ள கேட்டுக் கேட்டு அழுதுச்சிங்க. குடுக்கலியே நானு. அப்படியும் போயிடுச்சே டீச்சரம்மா." அவளுக்கு என் மேல் கோபமே இல்லை. தான் எங்கே தவறினோம் என்றுதான் என்னிடம் கேட்டாள். மாத்திரை தீர்ந்து பத்து நாள் வாங்கப் போக முடியவில்லை, அதனால் இருக்குமோ என்று கேட்டாள். நான், ஊருக்கே வாய் பேசுகிறவள், வாயைத் திறக்கவில்லை. அவள் தட்டில் சாமைச் சோறு போட்டு, அவரைக்கொட்டைக் குழம்பு ஊற்றி, தூர வழி வந்திருக்கிறீர்கள் சாப்பிடுங்கள் என்றாள். சாப்பிட்டேன் தம்பி. அந்தப் பிள்ளைக்குக் கொடுக்காத குழம்பை, அந்த வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். பையை வைத்துவிட்டுப் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

நோயே கொண்டுபோனதா, மாத்திரை நின்றதா, என் பத்தியமா என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்று அந்த டாக்டரம்மா பிறகு சொன்னார். அவர் நல்லவர், அப்படிச் சொல்லுவார். வீட்டுக்கு வந்த பிறகு தினமும் காலையில் உன் சிறுநீரைக் குழாயில் பிடித்து அடுப்பில் காட்டிப் பார்ப்பேன். தெளிவாக இருந்தால் உனக்கு ஆயுசு கெட்டி என்று நினைப்பேன். கூடவே அந்த மலை வீடு ஞாபகம் வரும். பன்னிரண்டு வயதில் நோய் உன்னை விட்டுப் போன பிறகும் அந்த ஞாபகம் போகவில்லை.

நீ படித்தவன், நான் உனக்கு வைத்தியம் சொல்லப் போவதில்லை. ஆனால் இதை மட்டும் கேள். இதைச் சாப்பிடாதே என்று யாரிடமாவது சொன்னால், எதையெல்லாம் சாப்பிடலாம் என்று சொல்லி முடிக்காமல் அவர்களை அனுப்பாதே. வீட்டுச் சட்டியில் என்ன வேகிறது என்று கேள். நீ சொல்லாததையும் அவர்கள் சேர்த்துக்கொண்டு போவார்கள், நான் போன மாதிரி. தராசு ஏறினால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் காலில் விரலை வைத்து அழுத்திப் பார். நீ தப்பாகச் சொல்லிவிட்டால், சொல்லத்தான் செய்வாய், மனுஷன்தானே, அன்றைக்கே ஓடு. மழை, லீவு என்று கணக்குப் போடாதே.

அலமேலு இன்னும் அங்கேதான் இருக்கிறாள். நீ சேரப் போகிற இடத்துக்கு ரெண்டு ஊர் தள்ளி. டீச்சரம்மா மகன் என்று தெரிந்தால் உனக்குத் தேன் கொண்டுவந்து கொடுப்பாள், அதை நீ வாங்கிக்கொள்வாய். நினைத்தாலே எனக்கு உடம்பு கூசுகிறது. இந்தக் கடிதத்தை அவளுக்கே எழுதிவிடலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. உன்னைப் படித்துக் காட்டச் சொல்லலாம் என்று நினைத்தேன், அதுவும் நான் நழுவுகிற வழிதான். எழுதி எல்லாம் தப்பிக்க முடியாது. திங்கட்கிழமை நானும் உன்னோடு வருகிறேன். நீ அவள் வாசலுக்கு வெளியே நில், நான் உள்ளே போய் என் வாயால் சொல்லுகிறேன். அவள் என்னை என்ன செய்தாலும் நீ குறுக்கே வராதே.

உன்னைப் பெற்றவள்